ஃப்ளெக்ஸில் நடந்து வருபவர் என் அப்பா: அக்குபங்சர் சிகிச்சையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்தில் அக்குபங்சர் சிகிச்சை செய்பவர்களுக்கும், அவர்களுடைய சங்க நிர்வாகிகளுக்கும், வார இறுதி வகுப்பு நடத்திப் புதியவர்களை உருவாக்கும் ஆசிரியர்களுக்கும்,

போன மாதம் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. உங்களில் ஒருவர் வைத்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் கைத்தடி இல்லாமல் நடந்து வருகிறார். பக்கத்தில் சிவப்பு எழுத்தில், ‘பக்கவாதத்தில் போன நினைவாற்றல் 10 சிட்டிங்கில் திரும்பியது, மருந்தில்லை, மாத்திரையில்லை’ என்று இருக்கிறது. கீழே ஒரு செல் நம்பர்.

அந்தப் பெரியவர் என் அப்பா.

அன்றைக்கு அவரை ஆட்டோவில் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். ஃப்ளெக்ஸ் எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் இருப்பது எதுவும் அவர் கவனத்துக்கு வருவதில்லை. அது அவருடைய நோயின் ஒரு பகுதி. திரும்பி வரும்போது அது வலப்பக்கம் வந்தது. பார்த்தார். “போட்டோ நல்லா விழுந்திருக்கு” என்றார். தன் படம் ஏன் அங்கே தொங்குகிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

வைத்தவருக்கு ஃபோன் செய்தேன். “உங்கப்பாவே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரும்மா” என்றார். சங்கத்தில் முறையிட்டேன். அது அவரவர் சொந்த விளம்பரம், சங்கம் தலையிடாது என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்திராவிட்டால் இந்த மடலும் வந்திருக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அக்குபங்சர் ஊசிக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டில் ஊசிக்கு நல்லதும் நடந்திருக்கிறது, கெட்டதும் நடந்திருக்கிறது. இரண்டையும் சொல்லத்தான் போகிறேன்.

அப்பா அரசுப் பேருந்தில் 31 வருஷம் கண்டக்டர். ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகி வைப்பாரே, அந்த ஆள். ஐந்து பேருக்கு மூன்று விதமான டிக்கெட் கேட்டு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினாலும், நீட்டிய கை மடங்குவதற்குள் பாக்கி வந்துவிடும். நான் கணக்கு டீச்சர் ஆனதற்கு அவர் கைதான் காரணம் என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

2022 பொங்கல் கழிந்த நாலாம் நாள் ஸ்ட்ரோக் வந்தது. வலப்பக்க மூளையில் அடைப்பு, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. காலையில் எழுந்தவர் சொல்லாமல் படுத்தே இருந்ததால், 108 வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நாலரை மணி நேரம் தாண்டியிருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் போய்விட்டது என்றார்கள். ஒன்பது நாள் வார்டு. பிறகு வீடு, பிசியோதெரபி. மூன்றாவது மாதம் தடியோடு நடந்தார், நாலாவது மாதம் தடியில்லாமல்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும், “நல்லா நடக்கிறாரே, அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் என்ன என்பது எங்களுக்கு ஓர் அமாவாசை அன்று தெரிந்தது. இலை போட்டுச் சாப்பாடு. அப்பா சாப்பிட்டுக் கையை உதறிக்கொண்டு, “இன்னிக்கு ஊறுகாய், அப்பளம் ஒண்ணும் கிடையாதா?” என்று கேட்டார். எல்லாம் இருந்தது. இலையின் இடப்பாதியில் இருந்தது. நடுவில் குவித்த சோற்றிலும் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டு, கத்தியால் கோடு கிழித்தது போல இடப்பாதியை விட்டிருந்தார். இலை நுனி இடக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதில் அம்மா ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு எதுவும் பேசாமல் இலையைப் பிடித்து அப்படியே திருப்பி வைத்தாள். அப்பா மிச்சத்தையும் சாப்பிட்டார். அடுத்த நாளிலிருந்து தட்டைப் பாதியில் திருப்பி வைப்பது அம்மாவின் வேலையாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தெருமுனை டீக்கடைக்குப் போனவர் திரும்பும் வழி தெரியாமல் நின்றார். செய்தித்தாளில் வரியின் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு “என்ன எழுதறானுங்க, ஒண்ணும் புரியல” என்று கோபப்பட்டார். தன் பழைய ரூட்டின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால், ஏழாவது எட்டாவது நிறுத்தம் வரை போய், மறுபடியும் முதலிலிருந்து கிளம்புவார். பேருந்து கடைசி ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

நரம்பியல் டாக்டர், நினைவு, கவனம் முதலியவற்றை அளக்கும், 30 மதிப்பெண் கொண்ட ‘மோகா’ தேர்வு வைத்தார். 26 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. கடிகாரம் வரையச் சொன்னபோது 12 எண்களையும் வலப்பாதிக்குள்ளேயே அடைத்துவிட்டார். ஐந்து வார்த்தை சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டதில் ஒன்று ஞாபகம் இருந்தது. அப்புறம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். அப்பா, “தொண்ணூத்தி மூணு” என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். “மிச்சத்தை இறங்கும்போது வாங்கிக்கோங்க” என்றார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன், வெளியே வந்து அழுதேன். 14 மதிப்பெண்.

இது என் அப்பாவுக்கு மட்டும் வந்த விநோதம் இல்லை. அமெரிக்க இதய நலச் சங்கம் 2023இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஸ்ட்ரோக் வந்து பிழைத்தவர்களில் 60 சதவீதம் பேர் வரைக்கும் முதல் வருஷத்தில் நினைவு, கவனம், திட்டமிடல், பேச்சு என்று ஏதாவது ஒன்றில் சறுக்கல் இருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு ஐந்து வருஷத்துக்குள் மறதிநோயாகவே முற்றலாம். இப்படி இருந்தும் எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரை இருந்தது, பிசியோ இருந்தது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தது; மூளை என்ன யோசிக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. அது வேறு ஆட்களுக்கு எழுத வேண்டிய மடல், அதையும் எழுதுவேன். ஆனால் அந்த ஒரு வரி இல்லாத இடத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். ஆஸ்பத்திரியில் யாரும் வாயே திறக்காத விஷயத்தை, “மறதி இருக்கா? கோபம் வருதா? தூக்கம் எப்படி?” என்று முதலில் கேட்டது உங்கள் ஆள்தான். அதனால்தான் அம்மா நம்பினாள். அந்த நம்பிக்கையை நான் இப்போதும் கேலி செய்யமாட்டேன்.

ஸ்ட்ரோக் வந்த ஏழாவது வாரம், இப்போது ஃப்ளெக்ஸ் வைத்தவரின் கிளினிக்குக்குப் போனோம். நாடி பார்த்தார்கள். சில நாள் ஒரே ஊசி, சில நாள் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டுவிட்டு அனுப்புவார்கள். சிட்டிங்குக்கு 500 ரூபாய். அப்பாவிடம் பொறுமையாகப் பேசினார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்தே, “மாத்திரைதான் உடம்பில் கழிவாகத் தேங்கி நிற்கிறது, அது போனால்தான் மூளை தெளியும்” என்ற பேச்சு ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் அம்மாவிடம் சொல்லப்பட்டது அது. மே மாதக் கடைசியில் அம்மா எனக்குத் தெரியாமல் பி.பி. மாத்திரையையும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். நிறுத்திய மாத்திரைகளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் மாதத்தில் ஒருநாள் ராத்திரி அப்பாவுக்கு வாய் குழறியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பி.பி. 200க்கு 110. ஸ்கேனில் புதிதாக ஒரு சின்ன அடைப்பு. மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்; மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் இரண்டாவது ஸ்ட்ரோக் வரும். ஆனால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராமல் இருக்கத்தான் அந்த இரண்டு மாத்திரையும். அதை நிறுத்துவது, பிரேக்கைக் கழற்றிவிட்டு மலைப்பாதையில் பேருந்தை இறக்குவது போல. அப்பா பழையபடி தெளிவாக இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

நீங்கள் ஃப்ளெக்ஸில் போட்டிருக்கும் படம் மே மாதம் எடுத்தது. ஜூன் மாதத்துப் படம் உங்களிடம் இருக்காது. நாங்கள் திரும்பி வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. நான் சொன்ன டாக்டரும் மோகாவும் 14 மதிப்பெண்ணும் எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. ‘நினைவாற்றல் திரும்பியது’ என்று எழுதியவர் ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ அப்பாவின் நினைவாற்றலை ஒருதடவைகூட அளந்து பார்க்கவில்லை.

இப்போது நல்லதையும் சொல்கிறேன். அடுத்த வருஷம் பக்கத்து ஊரில் ஒரு இயற்கை மருத்துவரிடம் போனோம். ஐந்தரை வருஷப் பட்டப்படிப்பு படித்தவர், அதில் அக்குபங்சரும் பாடம். உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்டது மாத்திரைச் சீட்டைத்தான். ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று பார்த்துப் பார்த்து வைத்தார். உச்சந்தலையில், இரண்டு காது மடலின் நுனியிலிருந்தும் கோடு இழுத்தால் சேரும் இடத்தில் ஒன்று. சீனர்கள் ‘பாய்ஹுய்’ என்பார்களாம். அதைச் சுற்றி நாலு. முன்நெற்றி முடி ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒன்று. உறை பிரிக்காத புது ஊசியை எங்கள் கண் முன்னாலேயே பிரித்தார். ஒவ்வொரு தடவையும் பி.பி. பார்த்த பிறகுதான் ஊசி. ஒருநாள் 180 காட்டியது. ஊசி வைக்காமல், காசும் வாங்காமல், டாக்டரிடம் அனுப்பிவிட்டார்.

வாரம் மூன்று நாள், எட்டு வாரம். அப்பா ராத்திரி தூங்க ஆரம்பித்தார். சிடுசிடுப்பு குறைந்தது. பத்து நிமிஷம் ஒரு வேலையில் உட்கார முடிந்தது. அதே எட்டு வாரமும் நான் தினம் சாயங்காலம் ஒரு பழைய தோல்பையில் சில்லறை போட்டு அவர் தோளில் மாட்டிவிடுவேன். நூறு ரூபாயை நீட்டி, “முப்பத்தேழு ரூபா டிக்கெட் ஒண்ணு” என்பேன். முதல் வாரம் அவர் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பார். விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, கணக்குதான் வரவில்லை. ஆறாவது வாரம் ஒருநாள் அறுபத்து மூன்று ரூபாயை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது.

எட்டு வாரம் கழித்து மோகாவில் 18. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் நான் டீச்சர். அதே வினாத்தாளை இரண்டாம் முறை கொடுத்தால் யாருக்கும் ரெண்டு மார்க் கூடும். தூக்கம் சரியானதால் கூடியதா, தினமும் சில்லறை எண்ணியதால் கூடியதா, ஊசியால் கூடியதா? அந்த மருத்துவரிடமே கேட்டேன். “தெரியலம்மா. எல்லாம் சேர்ந்து இருக்கலாம். ஊசியாலதான்னு நான் சொன்னா அது பொய்” என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு சிகிச்சையாளர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நேர்மையான வாக்கியம் அதுதான். அவரும் உங்களில் ஒருவர்தான்.

நீங்கள் ஆராய்ச்சி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, நானும் படித்தேன். பல கிளினிக்குகளின் சுவரில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் போட்டு ஒரு நோய்ப் பட்டியல் மாட்டியிருக்கிறீர்கள். அது 2003இல் வந்த புத்தகம். பட்டியல் ஒன்றல்ல, வரிசையாகப் பல இருக்கின்றன. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி ஃபிரேம் போட்டுவிட்டீர்கள். ஸ்ட்ரோக் முதல் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஆனால் மூளை ரத்தக்குழாய்க் கோளாறால் வரும் மறதிநோய் இரண்டாவது பட்டியலில், கக்குவான் இருமலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே, பலன் தெரிந்திருந்தாலும் இன்னும் சான்று தேவை என்று இருக்கிறது. அந்தத் தலைப்பு உங்கள் ஃபிரேமுக்குள் வரவில்லை.

அதற்குப் பிறகு 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஸ்ட்ரோக் மறுவாழ்வில் அக்குபங்சர் பற்றிய 31 ஆய்வுகளை, 2,257 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்து அலசியது. நினைவு, கவனம் முதலியவற்றில் பலன் இருக்கலாம் என்ற சாடை தெரிகிறது. ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் சின்னவை, தரமும் போதாது, ஆகவே வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க இது பற்றாது என்று முடித்தார்கள். ‘இருக்கலாம்’ என்பது கேவலமான வார்த்தை இல்லை. எங்களைப் போன்ற வீடுகள் ‘இருக்கலாம்’ என்பதை நம்பித்தான் பாதி நாளை ஓட்டுகின்றன. ‘10 சிட்டிங்கில் திரும்பியது’ என்பதுதான் பிரச்சனை.

அதே 2016இல் சீனாவில் நடந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. ஸ்ட்ரோக்குக்குப் பின் யோசிக்கும் திறன் குறைந்த 240 பேரை நாலு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்குக் கணினியில் யோசிக்கும் திறனுக்கான பயிற்சி, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் கிடையாது. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. 12 வாரம். இரண்டும் சேர்த்துச் செய்தவர்கள் முன்னால் வந்தார்கள். ஊசி பிறந்த நாட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி வைக்கவில்லை. ஊசியோடு பயிற்சியும் கொடுத்தார்கள், முன்னும் பின்னும் அளந்தார்கள். உங்கள் வார இறுதி வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?

எங்கள் ஊரில் ஒரு டியூஷன் சென்டர் உண்டு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் அதிக மார்க் வாங்கிய பிள்ளையின் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்துவிடும். அந்தப் பிள்ளை அங்கே படித்தது கடைசி இரண்டு மாதம். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் நாங்கள் கத்தியது, வீட்டில் அவன் அம்மா விடியற்காலையில் எழுப்பியது எதுவும் ஃப்ளெக்ஸில் இல்லை. அங்கேயே படித்து ஃபெயிலானவர்களும் இல்லை. ஸ்ட்ரோக்கும் இப்படித்தான். முதல் மூன்று மாதம், ஆறு மாதம் மூளை தானாகவே கொஞ்சம் மீளும். லேசான பாதிப்பு உள்ளவர்களில் 20 சதவீதம் பேர் வரை முழுதாகவே மீள்கிறார்கள் என்று நான் மேலே சொன்ன அறிக்கை சொல்கிறது, அதற்கான வாய்ப்பு அதிகம் இருப்பதும் முதல் ஆறு மாதத்தில்தான். நீங்கள் ஏழாவது வாரம் ஊசி வைக்கிறீர்கள், நாலாவது மாதம் நோயாளி நடக்கிறார், படம் எடுக்கிறீர்கள். எதிர்வீட்டில் ஊசியே வைக்காத ஒருவரும் அதே நாலாவது மாதம் நடக்கிறார். அவரை யார் படம் எடுப்பது?

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து, போட வேண்டிய கோட்டில் இல்லை. தாளின் வலது ஓரத்தில், விளிம்பைத் தாண்டிப் பாதி எழுத்து மேஜைக்குப் போயிருக்கும். தாளின் இடப்பாதியில் என்ன அச்சடித்திருந்தது என்பது அவர் கண்ணுக்கே பட்டிருக்காது. யோசிக்கும் திறனுக்குத்தான் சிகிச்சை என்று வந்த ஒருவரிடம், யோசித்துச் சம்மதித்ததாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். இதை எப்படிச் சரி என்று சொல்கிறீர்கள்?

சட்டத்தையும் ஒருதடவை பாருங்கள். மருந்து, மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்க 1954இல் போட்ட சட்டத்தின் அட்டவணையில் பக்கவாதம் இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, மூளைக் கோளாறுகள் இருக்கின்றன. ஊசி அந்தச் சட்டத்துக்குள் வருமா என்று வக்கீல் வைத்து வாதாடலாம். அப்படி வாதாடித் தப்பிக்க வேண்டிய நிலையில் ஒரு விளம்பரம் இருக்கிறதே, அதை யோசியுங்கள். 2019 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டதைக் கேக் வெட்டிக் கொண்டாடினீர்கள். மேற்கு வங்கத்தில் 1996லேயே இதற்குச் சட்டம் வந்தது, மகாராஷ்டிராவில் கவுன்சில் இருக்கிறது, நமக்கும் வேண்டும் என்று மேடையில் பேசுகிறீர்கள். கிடைக்கட்டும். கவுன்சில் என்று ஒன்று வந்தால் முதலில் வருவது இந்த மாதிரி முறையீடுதான். அதற்கு ‘தலையிட முடியாது’ என்று பதில் சொல்ல முடியாது.

சரி, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள்.

முதலில் அந்த ஃப்ளெக்ஸை இறக்குங்கள். இந்த வாரத்துக்குள். அப்பாவின் படத்தை வாட்ஸ்அப்பிலும் நோட்டீஸிலும் இருந்தும் எடுத்துவிடுங்கள். இனி யோசிக்கும் திறன் பாதித்த யாருடைய படத்தையும் கதையையும் விளம்பரத்துக்கு எடுக்கவே வேண்டாம் என்று சங்கம் தீர்மானம் போடட்டும். குடும்பத்தார் சம்மதித்தாலும் வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாவது, இதைத்தான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: ஸ்ட்ரோக் வந்தவரின் மாத்திரையைத் தொடாதீர்கள். பி.பி., சர்க்கரை, கொழுப்பு, ரத்தம் இளகும் மாத்திரை எதையும் நிறுத்தவோ குறைக்கவோ சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ‘இங்கே எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லமாட்டோம், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்’ என்று ஒவ்வொரு கிளினிக்கின் சுவரிலும், அந்த உலக சுகாதார நிறுவனப் பட்டியலைவிடப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் ‘மாத்திரைக் கழிவு’ பாடத்தை நிறுத்துங்கள். வீட்டு வாசலில் அம்மாக்களைத் தனியாகப் பிடித்துச் சொல்வதையும் நிறுத்துங்கள்.

ஊசி வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் பி.பி. பாருங்கள், ரத்தம் இளகும் மாத்திரை உண்டா என்று கேளுங்கள். உணர்ச்சி மரத்த கையில் ஊசி ஆழமாகப் போனாலும் நோயாளிக்குச் சொல்லத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ நாடி பார்த்துக்கொண்டிராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நினைவாற்றலுக்குச் சிகிச்சை என்று காசு வாங்கினால், ஆரம்பத்திலும் முடிவிலும் நினைவாற்றலை அளக்க வேண்டும். நீங்கள் அளக்க வேண்டாம். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு டாக்டரோ உளவியலாளரோ அளக்கட்டும். ஏறியது, இறங்கியது, பாதியில் நின்றது எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். வராமல் போனவரை ஒருதடவை ஃபோன் செய்து ஏன் என்று கேளுங்கள். வருஷக் கடைசியில் சங்கம் அந்த எண்ணிக்கைகளைப் பெயர் இல்லாமல் வெளியிடட்டும். முன்னேற்றம் தெரிந்தால் நானே முதலில் கைதட்டுவேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். பேக்கேஜ் என்று மொத்தமாக முன்பணம் வாங்குவதை அதுவரைக்கும் விடுங்கள். முதல் நாளிலேயே, “இது உதவலாம், உதவாமலும் போகலாம், வீட்டில் பயிற்சியும் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கடைசியாக, சங்க நிர்வாகிகளுக்கு. எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த மாதப் பொதுக்குழுவில் இந்த மடலைப் படித்து, எந்தெந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அரிசி டப்பாவுக்குப் பின்னால் அம்மா வைத்திருந்த அந்தப் பொட்டலத்தையும், அப்பா கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும், இரண்டு ஸ்கேன் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்க வருவேன். அப்பாவும் வருவார்.

இப்படிக்கு,
ஃப்ளெக்ஸில் இருப்பவரின் மகள்